நான் எடுத்துக் கொடுத்த பெயர்

என் தங்கையின் பெயர் கல்பனா. நாற்பது வருடமாக அந்தப் பெயரோடுதான் இருக்கிறாள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், கல்யாணப் பத்திரிகையில், கம்பெனி பஸ் ஏறும்போது கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் அட்டையில், எங்கும் அதே பெயர். நல்ல பெயர். அவளுக்கும் பிடித்த பெயர். ஒரு பித்தளைச் சொம்புக்குள் கை விட்டு அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவள் நான். எடுத்த விரலில் இனிப்பு ஒட்டியிருந்தது. யாரும் பார்க்காதபோது நக்கிக்கொண்டேன். அந்த இனிப்பு இன்னும் போகவில்லை. நாக்கில் ஒரு கசப்பாக நின்றுவிட்டது.

பெருநகர் என்ற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், கண்டக்டருக்கு மனசு இருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர் எங்களுடையது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். அதில் ஒரு சாண் எங்களுடையதில்லை. நடுவது எங்கள் தெரு, களை எடுப்பது எங்கள் தெரு, அறுப்பது எங்கள் தெரு. அறுத்த பிறகு வயல் வெறிச்சென்று கிடக்கும். எங்கள் தெருவும் அப்படியே கிடக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கும் தங்கைக்கும் நடுவே இரண்டு தங்காமல் போயிருந்தன. அதனால் மூன்றாவதாக ஒன்று தங்கி, உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் முழுதாகப் பிறந்து, கத்தவும் கத்தியபோது, அது பெண்ணாகப் போனதில் தெருவுக்கு ஒரு ஏமாற்றம். வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, "பொண்ணா," என்று மறுபடி மூடிவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் சிரித்தாள். "நான் கேட்டதே பொண்ணுதான்," என்றாள். அம்மா எதையாவது கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்பாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

முப்பதாம் நாள் பெயர் வைப்பது என்று ஆயிற்று. குழந்தையின் காதில் பெயர் சொல்கிற உரிமை அத்தைக்கு. அப்பாவின் அக்கா. மாகறலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான்கு நாள் முன்னதாகவே துணிப்பையோடு வந்து இறங்கிவிட்டாள். வந்ததிலிருந்து வீட்டில் ஒரு பெயர்தான் கேட்டது. சாந்தா, தண்ணி எடுத்தா. சாந்தா, புள்ள அழுவுது பாரு. சாந்தா, உப்பு கம்மி. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எங்கள் தெருவில் மற்றப் பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் ஏய், இந்தாமே, இல்லாவிட்டால் பிள்ளை பெயரைச் சொல்லி இன்னாருடைய அம்மா. என் அம்மாவுக்கு மட்டும் முழுப் பெயரும் கிடைக்கிறதே என்று எனக்குப் பெருமை. அம்மாவைப் பெற்றவர்கள் இல்லை. இருந்த ஒரே அண்ணனும் எப்போதாவது வந்தால் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். அப்பா கூப்பிடவே மாட்டார், இருமுவார். அத்தைதான் அம்மாவுக்கு மரியாதை தருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பெருநகர் போய் சோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். 'க' என்றாராம். அத்தை உடனே, தயாராக வைத்திருந்த பெயரை இறக்கி வைத்தாள். கல்பனா. அவள் தெரு முனையில் இருந்த டீச்சர் வீட்டுப் பெண்ணின் பெயர் அது. சித்தப்பா பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தபடி, காஞ்சனா என்றால் இன்னும் ஜோராக இருக்கும் என்றார். அப்பா, ஏதாவது ஒன்று வையுங்கள் என்று பீடியைத் தேடினார். அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

"மரகதம்னு வெக்கலாம்," என்றாள் அம்மா.

முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"இன்னா பேரு சொன்ன?"

"மரகதம்."

"எழுவது வயசுக் கெழவி பேரு. நாளிக்கு ஸ்கூலுக்குப் போனா புள்ளைங்க சிரிக்காதா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"சோசியரு 'க'ன்னு சொல்லிக்கீறாரு, சாந்தா."

"ஒரு எழுத்தால இன்னா அண்ணி வந்துடப் போவுது?"

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "எழுத்தால இன்னா வருமின்னு நீ கேக்கறியா? நீயா கேக்கற?"

சித்தப்பா குடித்து முடித்த சொம்பையே மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அப்பா எழுந்து வெளியே போனார். அத்தை குரலை இறக்கி, "அந்தப் பேரு இந்த வூட்டுக்கு ஆவாது. அப்பவே சொல்லியாச்சு," என்றாள்.

எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. தின்றால் உதடெல்லாம் அரிக்கும். அதுபோல வீட்டுக்கும் சில பெயர்கள் ஆகாது போலிருக்கிறது, சொன்னால் சுவரெல்லாம் தடித்துப்போகும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். அதுதான் அந்த வயதின் சுகம், அந்த வயதின் கொடுமையும்.

அம்மா விடவில்லை. சண்டை போடவும் இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பால் கொடுத்தாள். பெயர்ப் பேச்சு வந்தால் மட்டும் அதே ஒரு சொல். எனக்கு இது ஒண்ணு போதும் அண்ணி, என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். ஒருநாள் தோட்டத்துப் பக்கம் வேலியோரம் துணி காயப்போடுகையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மரகதம். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி, மரகதம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தையை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. என் வகுப்பில் கவிதா இருந்தாள், சங்கீதா இருந்தாள். அவர்கள் முன்னால் மரகதத்தின் அக்காவாக நிற்பது எப்படி என்று நினைத்தாலே காது சூடானது.

சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். உத்திரமேரூரில் கல்வெட்டுக் கோயிலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் அவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கோயில் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு யாரோ விளக்குவார்கள். கிளாஸ் கழுவியபடி அதையெல்லாம் கேட்டுக்கேட்டு சித்தப்பாவுக்கு மனப்பாடம்.

"நம்மூர்ல ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே இதுக்கு வழி பண்ணி வெச்சிட்டான். ஓலையில பேரெழுதி குடத்துல போடு. ஒண்ணும் தெரியாத ஒரு புள்ளைய விட்டு எடுக்கச் சொல்லு. வர்ற பேருதான் பேரு. அப்பால எவனும் மூச்சு விடக்கூடாது."

எங்கள் வாத்தியாரும் ஒருமுறை எங்களை அங்கே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டியிருந்தார். யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்பதற்கு அந்தச் சுவரில் நிறைய விதி. சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், சாத்திரம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருத்தர் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. ஆயிரம் வருடம் கழித்து, நாங்களாக ஒரு குடம் வைத்துக்கொண்டோம். நாங்களாகவே அதில் ஏமாற்றியும் கொண்டோம்.

அத்தை சட்டென்று ஒத்துக்கொண்டாள். அம்மாவும் ஒத்துக்கொண்டாள், அம்மா ஒத்துக்கொண்டதில் ஒரு சந்தோஷமே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு அதிர்ஷ்டம் என்பது அவள் வாழ்க்கையில் பெரிய பங்கு. எடுப்பதற்கு ஆண் பிள்ளை வேண்டுமே என்று சித்தப்பா தலையைச் சொறிந்தார். அத்தை, "பேரு பொட்டப்புள்ளைக்கித்தான, பொட்டப்புள்ளையே எடுக்கட்டும்," என்று என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அத்தை என்னைத் தலை வாரக் கூப்பிட்டாள். இறுக்கி வாரினாள். ஜிகினா வைத்த சிவப்பு ரிப்பன் இரண்டு வாங்கித் தருவதாகச் சொன்னாள். பிறகு காதருகில் குனிந்து, "என் சீட்டு கையில பட்டா பிசுபிசுன்னு இருக்கும். அதத்தான் எடு. உன் தங்கச்சிக்கு ஸ்டைலா பேரு வோணுமா, கெழவி பேரு வோணுமா, நீயே சொல்லு," என்றாள்.

ரிப்பனுக்காகத்தான் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். லஞ்சம் வாங்கினேன் என்பதில் ஒரு சிறுபிள்ளைத்தனம் இருக்கிறது, மன்னிப்பும் கிடைக்கும். உண்மை அதுவல்ல. ரிப்பன் தராவிட்டாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

முப்பதாம் நாள். என் கோடு போட்ட நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து சித்தப்பா மூன்றாக்கினார். காஞ்சனாவை அவர் எழுதிச் சுருட்டினார், பீடி மாதிரி. கல்பனாவையும் அவரையே எழுதச் சொன்னாள் அத்தை. மூன்றாவதை அவர் எழுதப் போகையில் அம்மா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "குடு, நானே எழுதறேன்," என்றாள்.

அம்மா எழுதி நான் பார்த்தது ரேஷன் கடையில். சாந்தா என்று கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு யுகம் ஆகும். 'சா'வை வரைவாள். மூச்சு விடுவாள். 'ந'வை வரைவாள், மேலே புள்ளியை மறந்துவிட்டு 'தா'வுக்குப் போய்த் திரும்பி வந்து வைப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். ஐந்தாவது வரை படித்தேன் என்று அவள் சொல்வது பொய்தான் என்று நினைப்பேன். அன்று அந்த அம்மா என் பென்சிலை வாங்கி, சுவரில் தாளை வைத்து, எடுத்த கை நிற்காமல் மரகதம் என்று ஓட்டிவிட்டாள். கடைசிப் புள்ளியைக் கொசு அடிப்பது போல ஒரு தட்டு. அழகான எழுத்து. ஒரே சீராக, லேசாக வலப்பக்கம் சாய்ந்து. நான் பார்த்தேன். அம்மாவுக்கு இப்படி எழுத வருமா என்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவள் அதை நான்காக மடித்து, மறுபடி நான்காக மடித்து, மாத்திரை மாதிரி ஆக்கிச் சொம்பில் போட்டாள்.

குழந்தையின் நாக்கில் வைக்க ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்திருந்தது. அத்தை விரலை அதில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் தடவினாள். தடவிய விரலாலேயே தன் சீட்டை எடுத்து உருட்டிச் சொம்பில் போட்டாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளை என்று என்னைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சித்தப்பா சொம்பைக் குலுக்கினார். கண்ணை மூடச் சொன்னார். கையை விட்டேன். முதலில் பட்டது மாத்திரை. இறுகி, காய்ந்து, என் இரண்டு விரலுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. கண்ணை லேசாகத் திறந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சொம்புக்குள் போயிருந்த என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் வருமா வராதா என்று சாலையைப் பார்ப்பவள் போல. நான் விரலைத் தளர்த்தினேன். அது கீழே நழுவியது. பிசுபிசுப்பு தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

"கல்பனா," என்று படித்தார் சித்தப்பா. "சபையில எடுத்தது. இனிமே பேச்சே கெடையாது."

அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னாள். சித்தப்பா சொம்பைக் கவிழ்த்தபோது அம்மா தன் சீட்டை மட்டும் பொறுக்கி, பிரிக்காமல், இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் இலை போட்டாள். பாயசத்தில் எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

சித்தப்பா வெற்றிபெற்ற சீட்டைச் சாமி படத்தின் சட்டத்தில் செருகி வைத்திருந்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். விளக்கேற்றவில்லை, கும்பிடவில்லை. போய்ப் பார்த்தேன். சீட்டு முழுக்க எறும்பு. தரையிலிருந்து சுவர் வழியாக ஏறி, சாமி முகத்தைக் கடந்து, ஒரே வரிசையாக வந்து கல்பனாவைத் தின்றுகொண்டிருந்தன. அம்மா மெல்ல ஊதினாள். கொஞ்சம் விழுந்தன, கொஞ்சம் ஒட்டிக்கொண்டன. பிறகு அவள் திரும்பி என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"போயி கைய கழுவிக்கினு வா," என்றாள். "ஸ்கூலுக்கு நேரமாவுது."

நான் அடிக்குப் பயந்து நின்றேன். அடிக்கவில்லை. தப்பித்தோம் என்று ஓடினேன். ரிப்பன் வந்ததும் கட்டிக்கொண்டேன்.

ஐந்து வருடம் கழித்து அப்பா செத்துப்போனார். முதலாளி வீட்டுக் கொல்லையில் தண்ணீர் கட்டப் போனவரை மோட்டார் ஒயர் அடித்துவிட்டது. கருமாதி முடிந்து அத்தை மாகறலுக்குப் பஸ் ஏறும்போது, "வரேம்மா," என்றாள். பெயர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவே இல்லை. துக்கம் என்று நினைத்தேன். இதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது.

அதற்கடுத்த வருடம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு. அம்மா முன்னால் போகிறாள், நான் கல்பனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். கீரைக்கட்டுக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ஏய் மரகதம்," என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது யாரையோ. ஆனால் அம்மா நின்றாள். பின்னலைப் பிடித்து இழுத்தது போல நின்று, திரும்பினாள். அந்த முகம் எனக்குத் தெரியாத முகம். அதில் பன்னிரண்டு வயதுகூட இருக்காது.

இருவரும் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தவர்களாம். மரகதமா என்று நான் விழித்ததும் அந்தப் பெண் என் கன்னத்தைத் தொட்டு, சந்தையில் பேசுவது போலச் சத்தமாகச் சொன்னாள்.

"உங்கம்மா பேரு இன்னான்னு உங்களுக்கே தெரியாதா? நல்லா கீதே கூத்து. மரகதம்தான்மே. நம்மகிட்ட ஜாதகமா கீது, பேரை வெச்சித்தான பொருத்தம் பாக்கறது. உங்க நைனா பேருக்கு இவ எழுத்து ஒத்துக்கலன்னு சோசியரு சொல்லிட்டாரு. உங்கத்தை, பொண்ணு புடிச்சிப்போச்சி, பேர மாத்துன்னுச்சி. மாத்திட்டாங்க. பழைய பேரை எவனா கூப்ட்டா மாப்பிள்ள உசுருக்கு ஆவாதுன்னு ஊரெல்லாம் வாயக் கட்டிப்புட்டாங்க. கூடப் பொறந்த அண்ணங்கூட பாப்பா பாப்பான்னுதான கூப்புடுவாரு." கொஞ்சம் நிறுத்தி, அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்து, குரலைத் தணித்தாள். "இனிமே கூப்ட்டா இன்னா. அதான் போயிட்டாரே."

அம்மா, பஸ் வந்துவிட்டது என்றாள். வரவில்லை. வந்த பிறகு ஏறி உட்கார்ந்தோம். கல்பனா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். எனக்கு இருக்க முடியவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?" என்றாள்.

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் என் விரல் நுனியில் இருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. முழங்கால் மேலிருந்த என் கையை மெல்லத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

அம்மா போய் எட்டு வருடமாகிறது. எல்லாக் காகிதத்திலும் சாந்தா. இப்போது எங்கேயாவது குழந்தைக்குப் பெயர் வைக்க நாற்பது பெயரை போனில் அனுப்பி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் பதில் போடுவதில்லை. அந்தக் கை எனக்குக் கனக்கிறது. வேலியோரம் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்த அந்த மத்தியானம் வந்து நிற்கிறது. தோளில் பெயரில்லாத குழந்தை. மரகதம் என்கிறாள். நிறுத்துகிறாள். காதைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். மறுபடி, மரகதம் என்கிறாள். தூங்குகிற குழந்தையை எழுப்பப் பார்க்கிறாள் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் குழந்தையைக் கூப்பிடவில்லை.